எலும்பு நோவு அற்றவர்

தன்னுடைய எலும்புகளைப் பற்றி முடிவெடுப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு குழுவே இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது நிதுர்ஷனுக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இந்த இருபத்தொன்பது வயதுக்குள் அவனுடைய உடம்பின் எந்தப் பாகத்தைப் பற்றியும் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியது கிடையாது. அந்தப் பெருமை கிளினிக் வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் நின்றது. அதற்குப் பிறகு பயம் வந்து ஏறிக்கொண்டது. அது எந்தத் தரிப்பிடத்திலும் இறங்கவில்லை.

நிதுர்ஷன் ஆரையம்பதியில் எஞ்சின் திருத்துகிறவன். கடல் பக்கத்து மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சினும், வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூர் வயல் வட்டைகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பும் அவனுடைய கொட்டிலுக்குத்தான் வரும். எதைத் திறந்தாலும், அது எப்படி ஓடுகிறது என்று பார்த்து முடிக்காமல் மூடமாட்டான். அப்படிப்பட்டவன், தன் வலப்பக்க விதையில் வந்த ஒரு கட்டியைப் பற்றி ஐந்து மாதமாக ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நோகாத கட்டி. நோகாதபடியால் அது இல்லை என்று நினைத்துக்கொள்வது இலகுவாக இருந்தது. கடைசியில் மனைவி கம்சாயினிதான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். விதையை வெட்டி எடுத்தார்கள், புற்றுநோய் என்றார்கள். ஊருக்குக் குடலிறக்கம் வெட்டியதாகச் சொல்லி வைத்தார்கள்.

பிறகு எடுத்த சீ.டி. ஸ்கேனில், வயிற்றின் பின்புறம், முள்ளந்தண்டுக்கு முன்னால் மூன்று கட்டிகள் தெரிந்தன. இடுப்புக்கு மேலே சரியாக அந்த இடத்தில்தான் நிதுர்ஷனுக்கு ஒரு நோவு இருந்தது. பகலில் வேலை செய்யும்போது மறந்துவிடும். கதிரையில் சாய்ந்தால் ஞாபகப்படுத்தும். புற்றுநோய் எலும்புக்குள் போய்விட்டால் கதை முடிந்தது என்று அவன் எங்கேயோ கேட்டிருந்தான். புற்றுநோய்ப் பிரிவின் இளம் வைத்தியர் ரிப்காவிடம் முதல் நாளே அதைத்தான் கேட்டான்.

ரிப்கா ஏறாவூர்க்காரி. கேட்ட கேள்விக்குப் படம் போட்டு விளக்காமல் அவருக்குப் பேச வராது. எக்ஸ்ரே உறையைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தார்.

“தாய்ட வயித்துக்குள்ள இரிக்கக்குள்ள விதை கீழ உண்டாகிறல்ல தம்பி. மேல, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில உண்டாகி, பிறகுதான் கீழ இறங்குது. இறங்கக்குள்ள தன்ட ரத்தக் குழாயையும் வடிகாலையும் கூடவே இழுத்துக்கு வரும். அதனால விதையில வருத்தம் வந்தா அது பக்கத்து எலும்புக்குள்ள பூர்றல்ல. உண்டான இடத்துக்குத்தான் திரும்பிப் போகும். இந்தக் கட்டிகள் இரிக்கிற இடம் அதுதான்.”

நிதுர்ஷனுக்கு உடனே விளங்கியது. எண்ணெய் டாங்கைக் கழற்றிப் போட்டின் அடியில் வைத்தாலும் ஹோஸ் பழைய இடத்துக்குத்தான் போகும். அந்தக் கட்டிகள் நரம்பை அழுத்துவதால்தான் நோகிறது என்றார் ரிப்கா. அங்கிருந்து நோய் போகுமென்றால் அடுத்த இடம் நுரையீரல். எலும்புக்குப் போவது மிக அரிது, போனாலும் கடைசியில்தான். சீ.டி. படத்தில் முள்ளந்தண்டும் விழுந்திருக்கிறது, அதில் ஒரு பழுதும் இல்லை. எலும்பு கெட்டால் இரத்தத்தில் ஏறுகிற எண்ணும் ஏறவில்லை. எலும்புக்குள் இருந்தாலும்கூட முதலில் கொடுப்பது இதே ஊசிமருந்துதான். ஆகவே எலும்பு ஸ்கேன் தேவையில்லை. வாற திங்கட்கிழமை மருந்தைத் தொடங்கலாம்.

“ஒண்ட மட்டும் மனசில வச்சுக்குங்க,” என்றார் ரிப்கா. “கட்டி வளர வளர ரத்தத்தில வேற ஒரு எண் ஏறும். உங்களுக்கு இப்ப முன்னூத்திப் பத்து. ஆயிரத்தைத் தாண்டாம தொடங்கினா மூணு சுற்று மருந்து. அனேகமா எல்லாரும் சுகமாகிருவாங்க. தாண்டினா நாலு சுற்று. சுகமாகிற ஆக்கள்ற எண்ணிக்கையும் ஒரு படி இறங்கும்.”

இவ்வளவும் விளக்க அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு பிழை செய்தார். நோயாளியின் தாள்கள் கிடக்கிற கோவையில், நல்ல தெளிவான கையெழுத்தில், “எலும்பு ஸ்கேன் தேவையில்லை” என்று எழுதினார்.

ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் எலும்பு ஸ்கேன் என்ற சொல் வருகிற கோவை எதுவானாலும் அது எலும்பு ஸ்கேன் தேவைத் தீர்மானக் குழுவுக்குப் போகவேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஸ்கேன் தேவையென்றால் தேவை என்று குழு முடிவெடுக்கவேண்டும். தேவையில்லையென்றால், தேவையில்லை என்பதற்கும் குழுவின் முடிவு தேவை. முடிவு வரும்வரைக்கும் கோவை குழுவிடம் இருக்கும். கோவை இல்லாமல் மருந்தகம் ஊசிமருந்தைக் கொடுக்காது.

இதை நிதுர்ஷனுக்கு விளக்கியவர் குழுவின் எழுதுவினைஞர் வல்லிபுரம். முப்பத்தொரு வருடச் சேவை. மேசையில் இருந்த பஞ்சிங் மெஷினுக்கு ‘பஞ்சிங் மெஷின்’ என்றும், பேனாவுக்குப் ‘பேனா’ என்றும் துண்டு ஒட்டியிருந்தார். தர முகாமைத்துவப் பிரிவின் போட்டியில் அந்த மேசைக்கு முதலிடம் கிடைத்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் படிவத்தை எடுத்தார்.

படிவத்தில் ‘நோய் உள்ள இடம்’ என்பதற்கு நேரே இரண்டே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று மார்பு, மற்றது புரோஸ்டேட் சுரப்பி. படிவம் எழுதியவர்களில் ஒரு பிழையும் இல்லை. அந்த இரண்டு இடத்துப் புற்றுநோயும் எலும்புக்குப் போவதில் பேர்போனவை. அவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. மூன்றாவது ஒரு இடத்திலிருந்து ஒருவன் வந்து நிற்பான் என்று படிவம் எதிர்பார்க்கவில்லை.

வல்லிபுரம் யோசித்தார். அந்த உறுப்பின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. எல்லா இடத்திலும் ‘மேற்படி உறுப்பு’ என்றே போட்டார். மேலே எந்த உறுப்பும் குறிப்பிடப்படவில்லை.

“புரோஸ்டேட்டில போடலாம். ஆனா அதுக்கு ஐம்பத்தைஞ்சு வயசு வேணும். உங்களுக்குக் காணாது,” என்றார். “மார்புக்கு வயசெல்லை இல்ல. ஆம்பிளைக்கும் மார்பு இரிக்குத்தானே தம்பி.”

அப்படி நிதுர்ஷன் மார்புக்குள் போனான். கோவைக்கு இளஞ்சிவப்பு உறை போட்டார்கள். குழு மூன்று கிழமைக்கு ஒருமுறைதான் கூடும். சமர்ப்பிக்கிற இரத்த அறிக்கை பதினான்கு நாளுக்கு மட்டும் செல்லும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் என்ன வரும் என்று வாசலில் நின்றபடியே நிதுர்ஷன் கணக்குப் போட்டான். ஒரு கூட்டத்துக்குக் கொடுத்த எந்த அறிக்கையும் அடுத்த கூட்டத்துக்கு உயிரோடு போய்ச் சேராது. முதல் கூட்டத்துக்கு முதல்நாள் திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். ஐந்நூற்று அறுபது என்று வந்தது.

கூட்டத்துக்கு நோயாளியும் வரவேண்டும். மண்டபத்தின் நடுவில் ஐந்து திரி போட்ட குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். விளக்கு அணையாமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஐந்து நாற்காலிகளில் நாலில் ஆட்கள் இருந்தார்கள்: தலைவர், நிர்வாக உத்தியோகத்தர், திட்டமிடல் உத்தியோகத்தர், தர முகாமைத்துவ உத்தியோகத்தர். ஐந்தாவது எலும்பு வைத்திய நிபுணருக்குரியது. அந்தப் பதவி மூன்று வருடமாக வெற்றிடம். ஆனால் பெயர்ப்பலகையும் தண்ணீர்ப் போத்தலும் தவறாமல் வைக்கப்பட்டன. ரிப்கா சுவரோரம் இருந்தார். அவர் பார்வையாளர், கேட்டால் மட்டும் பேசலாம்.

முதலில் விளக்கேற்றம். நாலு பேரும் நாலு திரியை ஏற்றினார்கள். ஐந்தாவது திரியை நோயாளர் சமூகத்தின் சார்பில் ஏற்றும்படி நிதுர்ஷனைக் கூப்பிட்டார்கள். அது பற்றவில்லை. நிதுர்ஷன் குனிந்து பார்த்தான். திரியின் அடி எண்ணெய்க்குள் போகவில்லை. விரலால் தள்ளிவிட்டு, நுனி நனையும் வரைக்கும் பொறுத்து, பிறகு ஏற்றினான். பிடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைய கூட்டத்தில் ஒரு பழுதைக் கண்டுபிடித்து, காரணம் பார்த்து, திருத்தி முடித்த வேலை அது ஒன்றுதான்.

வாழ்த்துப்பாவும் இரண்டு நிமிட மௌனமும் வரவேற்புரையும் முடிந்தன. அந்த மௌனத்தின்போது நிதுர்ஷனின் இடுப்பு நொந்தது. யாருக்காக மௌனம் என்று பக்கத்தில் நின்ற வல்லிபுரத்திடம் மெதுவாகக் கேட்டான். சென்ற கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் இடையில், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது காலமான நோயாளிகளுக்காக என்றார் வல்லிபுரம். மூன்று பேராம். அதற்குப் பிறகு நிதுர்ஷனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விசிறியில்லாத மண்டபத்தில் அதற்குள் அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

தலைவர் எழுந்தார். ஒரு காலத்தில் கெட்டிக்கார வைத்தியர். பதினொரு வருடமாக நோயாளி எவரையும் தொடவில்லை.

“நாங்கள் அவசரப்பட்டு முடிவெடுக்கிற நிறுவனம் அல்ல,” என்றார். “இந்தக் குழு அமைக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு பிழையான முடிவுகூட எடுத்ததில்லை. ஒரு முடிவுமே எடுத்ததில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. இரண்டாவது இருப்பதால்தான் முதலாவது சாத்தியமாயிற்று.”

கை தட்டல் ஓய்ந்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இளஞ்சிவப்புக் கோவையைத் திறந்தார். மேற்படி உறுப்பில் நோய் கண்டவருக்கு எலும்பு ஸ்கேன் தேவையா என்பது ஆழமான கேள்வி என்றார். எலும்பு நோவு இருந்தால் தேவை. இல்லாவிட்டால் தேவையில்லை. தேவையென்றால் மெஷின் இருக்கிற தூரத்து நகரத்தில் பெயர் பதியவேண்டும். அங்கே வரிசை இப்போது ஐந்து மாதம். ஸ்கேன் முடியும்வரை மருந்து தொடங்க இயலாது. இப்படி விளக்கிவிட்டு அவர் நிதுர்ஷனைப் பார்த்தார்.

“நோவு இருக்கிறதா?”

நோகிறது என்று சொல்லுங்கள், ஏன் நோகிறது என்பதை நான் சொல்கிறேன் என்றுதான் ரிப்கா சொல்லி வைத்திருந்தார். நிதுர்ஷன் வாயைத் திறந்தான். ஐந்து மாதம். மூன்று கிழமையில் இருநூற்றைம்பது ஏறுகிற எண், ஐந்து மாதத்தில் எங்கே போய் நிற்கும்? வேகம் கூடாமல் அப்படியே போனால்கூட ஆயிரத்தைத் தாண்டி இன்னும் ஓர் ஆயிரம்.

“இல்ல,” என்றான்.

சுவரோரத்தில் ரிப்கா கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது. தலைவருக்குத் திருப்தி. ஆனால் வாய்மொழியாகச் சொன்னதைக் கோவையில் ஏற்ற முடியாது என்று நிர்வாக உத்தியோகத்தர் எழுந்தார். நோவு இருப்பதற்கு வைத்தியர் அத்தாட்சி தரலாம். இல்லாத ஒன்றுக்கு வைத்தியர் எப்படி அத்தாட்சி தருவார்? அது ஒருவருடைய நிலைமை பற்றிய விடயம். நிலைமைகளை உறுதிப்படுத்துகிறவர் கிராம உத்தியோகத்தர். ஆகவே நோயாளி எலும்பு நோவு அற்றவர் என்று கிராம உத்தியோகத்தரிடமிருந்து ஒரு சான்றிதழ். நன்றியுரை. குழுப்படம். மதியச் சாப்பாடு.

கிராம உத்தியோகத்தர் கேதீஸ்வரி நேர்மையான மனிசி. குழுவின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

“நோவு இரிக்கெண்டு எழுதித் தந்திரிக்கன் தம்பி, வெள்ள நிவாரணத்துக்கு. நோவில்லையெண்டு ஒருத்தருக்கும் எழுதினதில்ல,” என்றார். “வந்து பாக்காம எழுதமாட்டன்.”

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் வந்து கொட்டில் வாசலில் இறங்கினார். இரண்டு சாட்சி வேண்டுமென்றார். அடுத்த வளவு இலட்சுமிப்பிள்ளையும், பம்பைத் திருத்தக் காத்தான்குடியிலிருந்து கொண்டுவந்திருந்த றவூப்பும் அகப்பட்டார்கள். கம்சாயினி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். பாதி தட்டில் சிந்தியது.

கேதீஸ்வரி கடிதத்தை உரத்து வாசித்தார். ‘மேற்படி உறுப்பு’ என்ற இடம் வந்ததும் இலட்சுமிப்பிள்ளை கையை உயர்த்தினார்.

“எந்த உறுப்புகா அது?”

றவூப் தன்னுடைய பம்பை உற்றுப் பார்த்தார்.

“குடலிறக்கம் வெட்டினவனுக்கு என்னத்துக்கு எலும்புச் சேட்டிபிக்கட்?” என்றார் இலட்சுமிப்பிள்ளை. பிறகு நிதுர்ஷனைப் பார்த்தார், கம்சாயினியைப் பார்த்தார், அவள் சிந்தின தேத்தண்ணியைப் பார்த்தார். இரண்டு மாதமாகக் காத்து வைத்த ரகசியம் அந்த மூன்று பார்வையில் முடிந்தது. “சரிகா, விடு,” என்றார், யாருக்கு என்றில்லாமல். அதற்குப் பிறகு சாட்சி சொல்லும்போது, சென்ற செவ்வாய்க்கிழமை இவன் வேலியோரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினதைத் தான் காணவேயில்லை என்று, கேட்காமலே இரண்டு தரம் சொன்னார்.

கேதீஸ்வரிக்கு அது போதவில்லை. முற்றத்தில் நடக்கச் சொன்னார். குனிந்து நிமிரச் சொன்னார். கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். தாங்கியில் பதினைந்து குதிரைவலு எஞ்சின் ஒன்று தொங்கியது.

“இது வழமையாத் தூக்கிறதுதானே? ஒருக்காத் தூக்கிக் காட்டுங்க. மறுகா நான் எழுதிருவன்.”

விதையை வெட்டி எட்டுக் கிழமைதான். பாரம் தூக்கவே கூடாது என்று ரிப்கா சொல்லியிருந்தார். றவூப் ஒரு அடி முன்னால் வந்து, “நான் ஒரு பக்கம் புடிக்கன்,” என்றார். சாட்சி தொடக்கூடாது என்றார் கேதீஸ்வரி. நிதுர்ஷன் முழங்காலை மடித்து, பாரத்தை நெஞ்சோடு அணைத்து, மூச்சை அடக்கித் தூக்கினான். இடுப்புக்கு மேலே யாரோ ஒரு திருகாணியை உள்ளே வைத்து முறுக்கினார்கள். எலும்புதான், டொக்டர் சொன்னதெல்லாம் பொய், எலும்புதான் என்று தலைக்குள் ஒரு குரல் கேட்டது. முகத்தில் அவன் சிரிப்பை வைத்திருந்தான். கேதீஸ்வரி அந்தச் சிரிப்பை நிதானமாகப் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.

வதிவிடச் சான்றிதழுக்கான அச்சுப் படிவத்தில்தான் எழுதினார், வேறு படிவம் இல்லாததால். ‘மேற்படியார் எனது பிரிவில் நிரந்தரமாக வதிபவர், நன்னடத்தை உடையவர், எலும்பு நோவு அற்றவர்.’ ஒப்பம், முத்திரை. ‘செல்லுபடியாகும் இறுதித் திகதி’ என்ற கோடு வதிவிடத்துக்கு மட்டும் உரியது என்று அதை வெறுமையாக விட்டார்.

அவர் போன பிறகு நிதுர்ஷன் கொட்டிலின் பின்னால் போய் நிலத்தில் இருந்தான். எழும்ப அரை மணித்தியாலம் பிடித்தது. கம்சாயினி பக்கத்தில் வந்து குந்தினாள்.

“உண்மையச் சொல்லுங்க. எலும்புக்குள்ளயா நோகுது?”

“தெரியா. எலும்புக்குள்ள நோகுறது எப்பிடி இரிக்குமெண்டே எனக்குத் தெரியா.”

“அப்ப ஏன் இல்லையெண்டு சொன்ன நீங்க?”

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலுக்குள் இன்னொரு பயம் இருந்தது. நோகிறது என்று சொன்னால் மருந்து பிந்திச் சாவு. நோகவில்லை என்று சொல்லி, அது உண்மையில் எலும்பாக இருந்தால், தன் வாயாலேயே தன்னைக் கொன்ற கணக்கு. ஒரு எஞ்சினில் சத்தம் கேட்கிறது என்று தெரிந்தும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவனை அவன் ஒருநாளும் மன்னித்ததில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு முந்தின நாள் எண் எண்ணூற்று முப்பது.

விளக்கு, வாழ்த்து, மௌனம். இந்த முறை நாலு பேருக்காக. திட்டமிடல் உத்தியோகத்தர் திரையில் ஒரு வரைபடம் போட்டார்: முன்னூற்றுப் பத்து, ஐந்நூற்று அறுபது, எண்ணூற்று முப்பது. எங்கள் ஆஸ்பத்திரியில் இவ்வளவு சீரான வளர்ச்சியைக் காட்டுகிற வரைபடம் வேறு எந்தப் பிரிவிலும் இல்லை என்று ஆய்வுகூடத்தைப் பாராட்டினார். சுவரோரத்திலிருந்து ரிப்கா, கூப்பிடாமலே எழுந்து நின்றார்.

“அது கட்டி வளர்ற வேகம், சேர்,” என்றார்.

தலைவர் அவரை மன்னித்து, எழுந்து நின்றதற்காகவேனும் இந்த ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று குழுவுக்கு விளக்கும்படி கேட்டார். ரிப்காவுக்கு இப்படிக் கேட்பவர்கள் கிடைப்பது அரிது. எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் விளக்கத் தொடங்கினார். ஒரு கதிர்மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அது ஐஸ்கட்டி மாதிரி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தன்னில் பாதியை இழந்துவிடும். அதனால் சேர்த்து வைக்க இயலாது, நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணித்தான் தயாரிப்பார்கள். உடம்புக்குள் எங்கெல்லாம் எலும்பு தன்னைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் அது போய் ஒட்டி, படத்தில் மின்னும். புற்றுநோய்க்கும் மின்னும், பழைய முறிவுக்கும் மின்னும், தேய்ந்த மூட்டுக்கும் மின்னும். நிதுர்ஷன் பதினேழு வயதில் போட்டிலிருந்து விழுந்து விலாவை முறித்தவர். ஸ்கேன் எடுத்தால் அந்த விலா மின்னும். அது என்ன என்று பார்க்க இன்னொரு ஸ்கேன், அதற்கு இன்னொரு குழு. காரணமில்லாமல் தேடினால் இல்லாத பயம்தான் கிடைக்கும்.

“இந்த மேசையில இரிக்கிற எல்லாரையும் எடுத்தாலும், எல்லாரும் எங்கயாவது மின்னுவீங்க,” என்று முடித்தார்.

நிர்வாக உத்தியோகத்தர் மெதுவாகத் தன் வலது முழங்காலைத் தடவினார். திட்டமிடல் உத்தியோகத்தர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். தனக்கு மாரி காலத்தில் தோள்மூட்டில் ஒரு குத்து வருவது வழக்கம் என்று தர முகாமைத்துவ உத்தியோகத்தர் சொன்னார். மின்னுமா, எவ்வளவு மின்னும் என்று தலைவர் கேட்டார். அந்த மண்டபத்தில் முதல்தடவையாக எல்லாருடைய முகத்திலும் ஒரே உணர்ச்சி இருந்தது. நிதுர்ஷனுக்கு அது நன்றாகப் பழகின உணர்ச்சி.

பத்து நிமிடத்துக்குள் குழு தன்னுடைய முதலாவது தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது: பொதுமக்களுக்கு முன்மாதிரியாகக் குழு உறுப்பினர்கள் நால்வரும் எலும்பு ஸ்கேன் எடுத்துக்கொள்வது. வல்லிபுரம் படிவங்களைக் கொண்டுவந்தார். நிர்வாக உத்தியோகத்தருக்கு ஐம்பத்தைந்து ஆகவில்லை. அவர் மார்பில் அடையாளமிட்டார். தூரத்து நகரத்துக்குத் தொலைபேசி போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய இடம் இந்த வருடத்துக்கு நாலுதான் மிச்சம் என்று பதில் வந்தது. ஐந்தாவது ஒன்று இல்லை.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆழமான கேள்வி திடீரென்று மேலே மிதந்து வந்தது. மேற்படி நோயாளிக்கு ஸ்கேன் தேவையில்லை என்று தாம் கருதுவதாகவும், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் அதைத் தெளிவாக நிரூபிப்பதாகவும் சொன்னார்.

நிதுர்ஷன் எழுந்தான். பேசாமல் இருந்திருக்கலாம், திங்கட்கிழமை மருந்து தொடங்கியிருக்கும். ஆனால் ஒரு பொய்யின் மேல் தன் உயிரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன அவனால் முடியும்போல் தெரியவில்லை.

“சேர், எனக்கு நோகுது,” என்றான். “முதல் நாளிலயிருந்தே நோகுது. பயத்தில இல்லையெண்டு சொல்லிட்டன். எஞ்சின் தூக்கின நாளிலயிருந்து இன்னும் கூட. எனக்கு ஸ்கேன் எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி. பாத்துச் சொல்லுங்க. பேப்பரப் பாத்துச் சொல்லாதீங்க.”

நாலு பேரும் சான்றிதழைப் பார்த்தார்கள். அது கை மாறிக் கை மாறிப் போய்த் தலைவரிடம் வந்தது. அவர் முத்திரையை விரலால் தடவினார்.

“தம்பி, நீங்கள் மனிதர். மனிதருக்குப் பிழை வரும். நீங்களே ஒரு முறை மாற்றிச் சொன்னதாக ஒப்புக்கொள்கிறீர்கள். இந்தப் பத்திரம் ஒரு முறையும் மாற்றிச் சொல்லவில்லை,” என்றார் அன்பாக. “உங்களுக்கு நோவு இல்லை.”

தீர்மானம் நிறைவேறியது. கோவை ரிப்காவின் கைக்கு வந்தது. அவர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, மண்டப வாசலிலேயே நிதுர்ஷனை நிறுத்தி முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஏழு கிழமையில் அவனுடைய எலும்பை ஒரு கை தொட்டது அதுதான் முதல் தடவை.

“எலும்பத் தட்டக்குள்ள நோகல்ல. உள்ளுக்குத்தான் நோகுது. சரியான முடிவுதான்,” என்றார். பிறகு மூடின கதவைத் திரும்பிப் பார்த்தார். “இவங்க எடுத்த முடிவெண்டாலும் சரிதான்.”

திங்கட்கிழமை முதல் ஊசி ஏறும் முன் எடுத்த இரத்தத்தில் எண் தொள்ளாயிரத்து நாற்பது. ரிப்கா அந்தத் தாளைக் கம்சாயினியிடம் காட்டினார்.

மூன்று சுற்று முடிந்தது. தலைமயிர் போய், வாய் புண்ணாகி, வெயிலுக்கும் மீன் மணத்துக்கும் வயிறு குமட்டி, அது ஒரு தனிக் கதை. இரண்டாவது சுற்றின் நடுவில் ஒருநாள் கதிரையில் சாய்ந்திருந்தபோது, இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை என்பதை நிதுர்ஷன் கவனித்தான். கட்டிகள் சுருங்கியிருந்தன. எண் இறங்கி இறங்கி, சுகதேகி ஒருவருடைய இரத்தத்தில் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள், நோவு வந்தால் அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள், வேறு ஒருவருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள் என்றார் ரிப்கா. குழு உறுப்பினர்கள் நால்வரும் ஸ்கேனில் மின்னியதாகவும், அதற்காக இன்னொரு ஸ்கேனுக்கு விண்ணப்பித்து, தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே பரிசீலித்துக்கொண்டிருப்பதாகவும் வல்லிபுரம் பஸ்ஸில் கண்டபோது சொன்னார்.

அடுத்த வருடம் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கிற காலம். மண்டூரிலிருந்து வந்த பம்பொன்றைத் தூக்கித் தாங்கியில் வைத்தபோது நிதுர்ஷனின் இடுப்பில் எங்கேயோ ஒரு இழுவை. சின்னதுதான். பாரம் தூக்குகிற எவனுக்கும் வருகிறது. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

வீட்டுக்குள் போய் அலுமாரியைத் திறந்தான். ஆஸ்பத்திரித் தாள்கள் எல்லாம் ஒரு பையில் இருந்தன. இரத்த அறிக்கைகளின் பதினான்கு நாள் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. சீ.டி. அறிக்கை மூன்று மாதம். குழுவின் தீர்மானம் ஆறு மாதம். அவையும் காலாவதி. எல்லாவற்றுக்கும் அடியில் கேதீஸ்வரியின் தாள் இருந்தது. இறுதித் திகதிக்குரிய கோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பையில் இன்னும் செல்லுபடியாகிற பத்திரம் அது ஒன்றுதான். அதன்படி, நிரந்தர வதிவாளரும் நன்னடத்தை உடையவருமான நிதுர்ஷன் இன்றைக்கும் எலும்பு நோவு அற்றவர். இனி எக்காலத்துக்கும் அப்படித்தான்.

அவன் அதை ஒருதரம் முழுதாக வாசித்தான். பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ரிப்காவின் நம்பரை அழுத்தினான்.